சிவப்பு பெல்ட், வெள்ளை பெல்ட்: ஜப்பான் பெண்கள் மல்யுத்தத்தில் பட்டத்தின் மரபு எங்கே இருக்கிறது?

பழைய நாடா (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். மாரிகோல்டு நிறுவனம் தன் முதன்மைப் பட்டத்துக்குச் செந்நிற பெல்ட்டையும் அதற்கு அடுத்த பட்டத்துக்கு வெண்ணிற பெல்ட்டையும் அறிமுகப்படுத்தியபோது, மற்றொரு பெண்கள் மல்யுத்த நிறுவனமான ஸ்டார்டமிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்று இங்கே பலர் எழுதினார்கள். அந்த வண்ணங்கள் ஸ்டார்டமிலும் பிறந்தவை அல்ல. அதைச் சொல்லவும், அதையொட்டி எனக்குப் பல நாளாக இருக்கும் ஒரு கேள்வியை முன்வைக்கவும் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அமெரிக்க வீராங்கனை மில்ட்ரெட் பர்க் 1954இல் ஜப்பானுக்கு வந்து மோதியபோதுதான் பெண்கள் மல்யுத்தத்தை அந்நாட்டு மக்கள் பெருந்திரளாகப் பார்த்தார்கள். மாட்சுனாகா சகோதரர்கள் 1968இல் ஆல் ஜப்பான் விமன்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ரசிகர்கள் அதைச் சுருக்கமாக ஜென்ஜோ என்பார்கள். பர்க் உருவாக்கிய டபிள்யூ.டபிள்யூ.டபிள்யூ.ஏ. உலகப் பட்டம் 1970இல் ஜப்பானுக்கு வந்தது. அதே ஆண்டில் ஐக்கோ கியோ அதை வென்று ஜப்பானியர் கைக்குக் கொண்டுவந்தார். அதன் தோல்பட்டை சிவப்பு என்பதால் 'அகாய் பெருட்டோ', அதாவது சிவப்பு பெல்ட், என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. பின்னர் வந்த ஆல் பசிபிக் பட்டத்தின் பெல்ட் வெள்ளை. இவற்றுக்குக் கீழே இளையவர்களுக்கென ஜூனியர் பட்டம் முதலியவை இருந்தன. ஒரு பெண் பதினைந்து, பதினாறு வயதில் பயிற்சிக்கூடத்துக்குள் நுழைந்தால் ஏறவேண்டிய படிகள் எவை என்பது முதல் நாளே அவர் கண்முன் இருந்தது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஜென்ஜோவில் 25 வயதோடு ஓய்வு பெறவேண்டும் என்னும் வழக்கம் நெடுநாள் இருந்தது. ஆகவே சிவப்பு பெல்ட்டுக்குக் காத்திருக்க யாருக்கும் நேரம் இல்லை. ஜாகுவார் யோகோடா 1981 பிப்ரவரியில் ஜாக்கி சாட்டோவை வீழ்த்தி அதை வென்றபோது அவருக்கு வயது 19. புல் நகானோ 1990 ஜனவரி 4 முதல் 1992 நவம்பர் 26 வரை, 1,057 நாட்கள், அதைத் தன்னிடம் வைத்திருந்தார். அத்தனை குறுகிய தொழில்வாழ்வு கொண்ட உலகில் மூன்று ஆண்டுகள் என்பது ஒரு தலைமுறைக்குச் சமம். கவாசாக்கியில் அவரை வென்ற ஆஜா காங்கும் 850 நாட்கள் அதை விடவில்லை.

2005இல் ஜென்ஜோ மூடப்பட்டது. 2011 ஜூலையில் ஸ்டார்டம் தன் வேர்ல்ட் ஆஃப் ஸ்டார்டம், வொண்டர் ஆஃப் ஸ்டார்டம் பட்டங்களை உருவாக்கியபோது முதலாவதைச் சிவப்பாகவும் இரண்டாவதை வெள்ளையாகவும் அமைத்தது. என் கேள்வி இதுதான்: நிறுவனம் அழிந்த பிறகும் ஒரு பட்டத்தின் மரபு தொடர முடியுமா? முடியும் என்பதும், அதைச் சுமந்து வந்தது அந்த வண்ணமே என்பதும் என் கருத்து. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

வெண்பட்டை

பழைய நாடா அண்ணா, வரலாற்றை இவ்வளவு தெளிவாக எழுதியதற்கு நன்றி. ஆனால் வண்ணமே மரபைச் சுமந்தது என்பதை ஏற்க இயலவில்லை. அப்படியானால் ஜென்ஜோவில் இருந்த அதே வரிசை ஸ்டார்டமிலும் இருந்திருக்க வேண்டும். சிவப்பு மேலே, வெள்ளை கீழே. ஏட்டில் அப்படித்தான் இருக்கிறது. 2021 மார்ச் 3 அன்று தோக்கியோவின் புடோகான் அரங்கில் நடந்தது வேறு.

அது ஸ்டார்டமின் பத்தாம் ஆண்டு விழா. உதாமி ஹயாஷிஷிதா சாயா கமிதானியை எதிர்த்துச் சிவப்பு பெல்ட்டைத் தக்கவைத்துக்கொண்ட போட்டி அன்று இறுதிப் போட்டி அல்ல. இறுதியாக நடந்தது ஜூலியாவுக்கும் டாம் நகானோவுக்கும் இடையிலான வெள்ளை பெல்ட் போட்டி. தோற்பவர் தலைமுடியை இழக்கவேண்டும் என்பது நிபந்தனை. தொற்றுக்காலக் கட்டுப்பாடுகளால் ரசிகர்கள் குரல் எழுப்பக்கூடாது, கைதட்ட மட்டுமே அனுமதி. ஜூலியா தோற்றார். முடியை மழிக்க வேண்டாம் என்று வென்றவர் விட்டுக்கொடுக்க முன்வந்தும், வாக்கு கொடுத்தது கொடுத்ததுதான் என்று அவர் ரிங்கின் நடுவே நாற்காலியில் அமர்ந்தார். அந்தப் பேரரங்கில் பேச்சுக்குரல் ஏதுமில்லை. இயந்திரத்தின் ஓசையும் இடையிடையே கைதட்டலும்தான். அதை நேரலையில் பார்த்த எவருக்கும் வெள்ளை பெல்ட் இரண்டாம் நிலைப் பட்டம் என்று தோன்றியிருக்காது.

வெள்ளை பெல்ட்டுக்கான போட்டிகளில் பொறாமை, ஏக்கம், நெடுநாள் மனக்கசப்பு ஆகியவை வெளிப்படையாகவே பேசப்படும். யார் வலிமையானவர் என்று சிவப்பு கேட்கிறது. இவர் உனக்கு யார் என்று வெள்ளை கேட்கிறது. இந்தப் பொருள் ஜென்ஜோவின் ஆல் பசிபிக் பட்டத்துக்கு இருந்ததில்லை. ஆக, வண்ணம் வந்துவிட்டது, பொருள் வரவில்லை. பொருளைப் புதிதாக இவர்களே படைத்தார்கள்.

புதிய வாசகர்

இருவருக்கும் வணக்கம். நான் சில மாதங்களாகத்தான் பார்த்து வருகிறேன். முடிவுகள் முன்கூட்டியே தீர்மானிக்கப்படுகின்றன என்பது தெரிந்த விஷயம். அப்படியிருக்க 1,057 நாட்கள், 850 நாட்கள் என்று எண்ணுவதற்கு என்ன பொருள்? கேலியாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே புரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பழைய நாடா

நல்ல கேள்வி, தம்பி.

முதலில், ஜென்ஜோவைப் பொறுத்தவரை எல்லாமே முன்கூட்டித் தீர்மானிக்கப்பட்டவை என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. 'ஒசாயேகோமி' என்று ஒரு வழக்கம் அங்கே இருந்தது. போட்டியின் ஒரு கட்டத்துக்குப் பிறகு, எதிராளியின் தோள்களை மூன்று எண்ணும்வரை அழுத்திப்பிடிக்க இருவரும் மெய்யாகவே முயல்வார்கள். கீழே இருப்பவர் மெய்யாகவே திமிறுவார். குறிப்பாக இளையவர்களின் போட்டிகளில் இது இருந்ததை அந்நாளைய வீராங்கனைகள் பின்னர் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார்கள்.

இரண்டாவது, முடிவு தீர்மானிக்கப்பட்டதாகவே இருக்கட்டும். நிறுவனம் ஒருவரின் இடுப்பில் பெல்ட்டைக் கட்டும்போது, அடுத்த ஓராண்டுக்கு எங்கள் அரங்கை நிரப்பும் பொறுப்பு உன்னுடையது என்று சொல்கிறது. டிக்கெட் விற்காவிட்டால் பழி அவர்மேல் விழும். முழங்கால் வீங்கியிருந்தாலும் சிற்றூர் விளையாட்டரங்குக்குப் பேருந்தில் போய் நிற்கவேண்டும். இரவின் கடைசிப் போட்டியை அரைமணி நேரத்துக்கு மேல் தாங்கவேண்டும். மனாமி டொயோட்டா 1995 மார்ச்சில் ஆஜா காங்கிடமிருந்து சிவப்பு பெல்ட்டை வென்றார். அடுத்த மே மாதம் 7ஆம் நாள் கோராகுவென் மண்டபத்தில் கியோகோ இனோவேயை எதிர்த்து முழு 60 நிமிடங்கள் மோதி, நேரம் முடிந்து சமநிலையானது. அந்த 60 நிமிடங்களை எழுதித் தருவதற்கு யாராலும் முடியாது. அதைச் செய்யும் உடல் வேண்டும். நாட்களை எண்ணுவது இதனால்தான். அவை ஒருவர் எவ்வளவு காலம் நம்பப்பட்டார் என்பதன் கணக்கு.

வெண்பட்டைத் தங்கையின் மறுப்புக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. புடோகான் வலுவான சான்றுதான். யோசித்து எழுதுகிறேன்.

கோராகுவென் படிக்கட்டு

வேலை நிமித்தமாகச் சில ஆண்டுகள் தோக்கியோவில் இருந்தபோது மாதம் இருமுறையாவது கோராகுவென் மண்டபத்துக்குப் போய்வந்தவன் நான். ஐந்தாம் மாடியில் இருக்கும் அம்மண்டபத்துக்கு மின்தூக்கியைவிடப் படிக்கட்டே எனக்குப் பிடிக்கும். அதன் சுவர் முழுதும் ரசிகர்கள் காலங்காலமாக எழுதிவைத்த பெயர்கள். புதிய வாசகரின் கேள்விக்கு அங்கே கண்ட ஒன்றைச் சொல்கிறேன்.

பட்டப் போட்டிக்கு முன்பு அறிவிப்பாளர் பெயரைச் சொன்னவுடன் நாலாபுறமிருந்தும் காகித நாடாச் சுருள்கள் பறந்து வந்து விழும். ஒவ்வொரு வீராங்கனைக்கும் ஒரு நிறம் உண்டு. உள்ளே இருக்கும் அட்டைச் சுருளை எடுத்துவிட்டுத்தான் எறிய வேண்டும், இல்லையென்றால் ஆளுக்கு அடிபடும். இதை என் பக்கத்து இருக்கையில் இருந்த முதியவர் செய்து காட்டிக் கற்றுக்கொடுத்தார். பயிற்சியுடை அணிந்த இளம்பெண்கள் ஓடிவந்து அந்த நாடாக்களைச் சில நொடிகளில் வாரிச் சுருட்டிக்கொண்டு இறங்குவார்கள். பிறகு சாம்பியன் பெல்ட்டைக் கழற்றி நடுவரிடம் கொடுப்பார். நடுவர் அதைத் தலைக்குமேல் தூக்கி நான்கு பக்கமும் காட்டுவார். அந்தச் சில நொடிகளுக்கு அது யாருடையதும் அல்ல. நான் கவனித்தது சாம்பியனை அல்ல, நாடா வாரிய அந்தச் சிறுமிகளில் ஒருத்தியை. கைநிறையக் காகிதத்தை அணைத்தபடி ரிங்கின் ஓரத்தில் நின்று, பெல்ட் எந்தப் பக்கம் திரும்பியதோ அந்தப் பக்கமெல்லாம் அவள் தலையும் திரும்பியது. பட்டத்தின் பொருள் என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு அவள் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

இனி விவாதத்துக்கு வருகிறேன். வண்ணம் மரபைச் சுமந்தது என்று பழைய நாடா அண்ணன் சொல்வதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. ஜென்ஜோவில் விளம்பரப் பணியிலும் மேலாண்மையிலும் இருந்தவர் ரோஸ்ஸி ஒகாவா. ஸ்டார்டமைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். 2024இல் ஸ்டார்டமிலிருந்து விலகநேர்ந்த பின் மாரிகோல்டைத் தொடங்கியவரும் அவரே. மூன்று இடங்களிலும் சிவப்பும் வெள்ளையும் இருப்பது ஒரே மனிதரின் நினைவு மூன்று நிறுவனங்களைக் கடந்து வந்ததால்தான். இதை மரபு என்பதா, ஒருவரின் விருப்பம் என்பதா? ஐஸ் ரிப்பன் நிறுவனத்தைப் பாருங்கள். அவர்களின் முதன்மைப் பட்டம் முதலில் 60 கிலோ எடை வரம்போடு ஐஸ் கிராஸ் சிக்ஸ்டி என்று இருந்தது. பின்னர் வரம்பை நீக்கி, பெயரில் 60க்குப் பதிலாக முடிவிலிக் குறியைச் சேர்த்தார்கள். தோக்கியோ ஜோஷி நிறுவனத்தின் பிரின்சஸ் ஆஃப் பிரின்சஸ் பட்டம் 2016இல் மியூ யமாஷிதாவோடு தொடங்கியது. இவை அந்தச் சிவப்பு, வெள்ளை வரிசையில் வந்தவை அல்ல. ஆனாலும் அந்தப் பட்டங்களுக்காக அழுதவர்களின் கண்ணீர் குறைந்ததல்ல.

வெண்பட்டை

படிக்கட்டு அண்ணா, அந்தச் சிறுமியைப் பற்றிய பத்தியை மூன்று முறை படித்தேன்.

ஒகாவாவைப் பற்றி நீங்கள் சொன்னதோடு இன்னொன்றையும் சேர்க்கிறேன். சிவப்பு பெல்ட் இல்லாமலே உச்சத்தைத் தொட்டவர் அகிரா ஹொகுட்டோ. ஜென்ஜோவின் வெள்ளை பெல்ட்டை அணிந்திருக்கிறார். சிவப்பு பெல்ட் அவருக்குக் கிட்டவே இல்லை. 1993 ஏப்ரல் 2 அன்று யோகோஹாமா அரினாவில் ஷினோபு கண்டோரியை எதிர்த்து அவர் மோதியதைப் பெண்கள் மல்யுத்தத்தின் தலைசிறந்த போட்டிகளில் ஒன்றாக இன்றும் சொல்கிறார்கள். அதில் எந்தப் பட்டமும் பணயமாக வைக்கப்படவில்லை. ஒருவர் ஜென்ஜோ, மற்றவர் போட்டி நிறுவனமான எல்.எல்.பி.டபிள்யூ.; இரு நிறுவனங்களின் மானம்தான் பணயம். 1994 நவம்பர் 20 அன்று தோக்கியோ டோமில் நடந்த பெருநிகழ்வில், சுற்றுப்போட்டியின் இறுதியில் ஆஜா காங்கை வென்றவரும் ஹொகுட்டோதான். சிவப்பு பெல்ட்டை அணியாத ஒருவரை ஒரு காலகட்டத்தின் முகமாக நினைவுகூர்கிறோம் என்றால், பெல்ட்டின் மரபு என்று நாம் பேசுவது முழு வரலாறு ஆகாது.

பழைய நாடா

ஹொகுட்டோவைப் பற்றிச் சொன்னது முழுதும் சரி. ஆனால் அவர் சிவப்புப் பட்டமின்றியே உச்சத்தைத் தொட்டார் என்று நாம் வியப்பதற்கே, அந்தப் பட்டம் இவ்வளவு கனமாக இருந்தது காரணம் இல்லையா? சிவப்பு பெல்ட் எளிதில் கைமாறும் பொருளாக இருந்திருந்தால் அவருக்கு அது கிட்டாதது ஒரு செய்தியாகவே இருந்திருக்காது.

புடோகானுக்கு வருகிறேன். அன்று இறுதிக்கு முந்தைய இடத்துக்குத் தள்ளப்பட்ட அதே உதாமிதான், மூன்று மாதம் கழித்து, 2021 ஜூன் 12 அன்று, ஓட்டா நகர விளையாட்டரங்கில் ஷூரியை எதிர்த்து 30 நிமிட வரம்பு முடிந்தும் நிறுத்தாமல், நீட்டிப்போடு 43 நிமிடங்களுக்கு மேல் மோதினார். இருவரும் எழ முடியாமல் கிடந்ததால் வெற்றி தோல்வி இல்லை. டிசம்பர் 29 அன்று ரியோகோகு அரங்கில் ஷூரி அவரிடமிருந்து பெல்ட்டைப் பறித்தார். புடோகானில் வெள்ளைக்குப் பின்னால் நிற்கவேண்டி வந்ததே உதாமியை அவ்வாறு மோதச் செய்தது என்று நான் நினைக்கிறேன். இரண்டு வண்ணங்களும் ஒன்றையொன்று உந்துகின்றன. அந்த உந்துதலும் மரபின் ஒரு பகுதிதான்.

வெண்பட்டை

உந்துதல் என்ற சொல்லை ஏற்கிறேன், அண்ணா. அதே 2021 டிசம்பர் 29 அன்றுதான் சாயா கமிதானி டாம் நகானோவிடமிருந்து வெள்ளை பெல்ட்டை வென்றார். பிறகு 15 முறை அதைத் தக்கவைத்து, மோமோ வத்தனாபேயின் 13 முறை என்ற சாதனையைத் தாண்டினார். 2023 ஏப்ரல் 23 அன்று யோகோஹாமா அரினாவில் மீனா ஷிராகாவாவிடம் அதை இழந்தார். அதே இரவில் டாம் நகானோ ஜூலியாவிடமிருந்து சிவப்பு பெல்ட்டை வென்றார். அடுத்த மாதமே வெள்ளையையும் வென்று, 2017இல் மாயூ இவாதானி செய்ததைப்போல இரண்டையும் ஒருசேர அணிந்தார். இந்த மூன்று நான்கு பேரின் வாழ்க்கை இரு பெல்ட்டுகளைச் சுற்றியே பின்னப்பட்டிருக்கிறது.

இவாதானியின் 2017ஐ நினைத்தால் எனக்கு இன்னும் மனம் கனக்கிறது. ஜூன் மாதம் இயோ ஷிராயை வென்று சிவப்பையும் பெற்றவர், செப்டம்பரில் டோனி ஸ்டார்முடன் மோதும்போது முழங்கை மூட்டு நழுவி, போட்டி நிறுத்தப்பட்டு, பட்டத்தை இழந்தார். வென்றவரின் முகத்திலும் மகிழ்ச்சி இல்லை.

கோராகுவென் படிக்கட்டு

இவாதானியைப் பற்றிப் பேசும்போது ஐ.டபிள்யூ.ஜி.பி. பெண்கள் பட்டத்தை விட்டுவிடக் கூடாது. ஆண்கள் நிறுவனமான நியூ ஜப்பான் 2022இல் அதை உருவாக்கியபோது நான் கடுமையாக எதிர்த்தேன். சிவப்புக்கு மேலே ஒன்றை வைத்து, பெண்கள் ஐம்பதாண்டுகளாகக் கட்டியதை ஆண்களின் பெயருக்குக் கீழே கொண்டுபோகிறார்கள் என்று அப்போது இங்கேயே எழுதினேன். முதல் சாம்பியன் கைரி. அவரிடமிருந்து அமெரிக்காவின் மெர்சிடிஸ் மோனே பெற்றார். 2023 ஏப்ரல் 23 அன்று, வெண்பட்டைத் தங்கை சொன்ன அதே இரவில், இவாதானி அதை வென்றார். 2025 ஏப்ரல் வரை, 735 நாட்கள், அவரிடமே இருந்தது. ஸ்டார்டமின் முதல் நாளிலிருந்து இருந்த ஒருவர் அதைச் சுமந்ததால், நியூ ஜப்பானின் பெயர் பொறித்த அந்தப் பட்டம் பெண்களின் பட்டமாயிற்று. என் எதிர்ப்பை அவருடைய 735 நாட்கள் தகர்த்துவிட்டன என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஹை ஸ்பீடு பட்டத்தையும் நினைத்துப் பாருங்கள். 2009இல் நியோ நிறுவனத்தில் தொடங்கிய அது, அந்நிறுவனம் 2010 முடிவில் மூடப்பட்டதும் அழிந்திருக்க வேண்டும். நத்ஸுக்கி தையோ ஸ்டார்டமுக்கு வந்தார், பட்டமும் அவரோடு வந்தது. நிறுவனமும் இல்லை, ஒகாவாவின் நினைவும் இல்லை. அணிந்தவர் எடுத்துவந்தார், அவ்வளவுதான்.

புதிய வாசகர்

அண்ணன்மாருக்கும் அக்காவுக்கும் நன்றி. 1992 கவாசாக்கிப் போட்டியையும் 2021 ஜூன் போட்டியையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். ஆஜா காங்கின் வெற்றிக்காக மூன்று எண்ணப்பட்டபோது புல் நகானோ கிடந்த கோலத்தையும், ஓட்டா அரங்கில் உதாமியும் ஷூரியும் பக்கம் பக்கமாகக் கிடந்ததையும் பார்த்தபின் நாட்களை ஏன் எண்ணுகிறீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. ஒரு ஐயம் மட்டும்: பழைய சிவப்பு பெல்ட்டைக் கடைசியாக அணிந்தவர் யார்? அதன்பின் அது யாருக்கும் கைமாறவில்லையா?

பழைய நாடா

நானே முதல் பதிவில் சொல்லியிருக்க வேண்டியதை நீ கேட்டுவிட்டாய், தம்பி. கடைசியாக அணிந்தவர் நானாயே தகாஹாஷி. நிறுவனம் மூடப்பட்ட மறு ஆண்டு, 2006இல், அந்தப் பட்டம் அவரோடு ஓய்வு பெற்றது. ஐந்து ஆண்டுகள் கழித்து ஸ்டார்டமைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். 2011 ஜூலையில், கோராகுவெனில், வேர்ல்ட் ஆஃப் ஸ்டார்டமின் முதல் சாம்பியன் ஆனவரும் அவரே. பின்னாளில் மாரிகோல்டிலும் சேர்ந்து, அங்கிருந்தே 2025 மே மாதத்தில் ஓய்வு பெற்றார்.

வண்ணம் சுமந்தது என்று நான் தொடங்கினேன். பழைய சிவப்பின் கடைசி இடுப்பும் புதிய சிவப்பின் முதல் இடுப்பும் ஒன்றே என்பது எனக்குத் தெரிந்திருந்தும், அதை வண்ணத்தின் கணக்கிலேயே எழுதியிருந்தேன். நத்ஸுக்கி தையோவைப் பற்றிப் படிக்கட்டுத் தம்பி எழுதியதைப் படித்ததும் அந்தக் கணக்கை மாற்றி எழுதவேண்டும் என்று தோன்றுகிறது. தகாஹாஷியின் 2006 போட்டியின் நாடா என்னிடம் இருக்கிறது, ஒளி மங்கிப்போன பதிவு. அதையும் 2011 பதிவையும் சேர்த்துப் பார்த்து, அவர் பெல்ட்டைப் பிடித்த விதம் எப்படி இருந்தது என்று ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன்.